முந்நூற்றுப் பன்னிரண்டு வெற்று வரிகள்

2004 ஜூன் 7 — 780
2006 பிப்ரவரி 11 — 350
2006 நவம்பர் 18 — 1,600
2009 ஏப்ரல் 18 — 500
2009 ஏப்ரல் 28 — 6

எல்லாம் பொலிவியானோ, எங்கள் நாட்டுப் பணம். முதல் தொகை, எங்கள் தண்ணீர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எதெல்வினா சுரிட்டா வாங்கிய முதல் மாதச் சம்பளம். இரண்டாவது, மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அவள் கட்டியது. மூன்றாவது, ஒரு பழைய கம்ப்யூட்டரின் விலை. அதுவும் அவள் கைக்காசு. நான்காவது, சங்கம் அவளுக்குப் போட்ட அபராதம். ஐந்தாவது, லாரிக்காரன் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்கு அவளிடம் வாங்கியது.

ஊரில் இப்போது அவளைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. காசு வாங்கிக்கொண்டு தேர்தலை விற்றவள் என்பது ஒன்று. ஏழைகளுக்காகத் தண்டனை அனுபவித்தவள் என்பது மற்றொன்று. இது பிற்பாடு முளைத்தது, இதை அதிகம் சொல்பவர்கள் அன்று அவள் காலடியில் காறித் துப்பியவர்கள். இரண்டும் பொய். சங்கத்தின் ஒழுங்கு மன்றத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். பேசியதை எல்லாம் எழுதிக்கொண்டவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எதெல்வினாவை எங்கள் பேட்டையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடித்ததில்லை. கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, நீட்டுகிற ரசீதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்ப்பாள். என் வீட்டு மீட்டரில் தவறு என்று முறையிடப் போனேன் ஒரு முறை. "மீட்டர் பொய் சொல்லுது, இல்லன்னா நீங்க சொல்றீங்க, டோன் எலியோடோரோ. மீட்டருக்கு வாய் கிடையாது" என்றாள். 'டோன்' என்பது பெரியவர்களுக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல், மரியாதை அதோடு சரி. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அவள் அப்பா சுரிட்டா ஒரு லாரி ஓட்டுநர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தான். அவளுக்கு நாலு வயதானபோது அர்ஜென்டினாவுக்குப் போனான். வேறு எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அம்மா தமியானா அல்மான்சா, பாலத்துக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் விற்றவள். எதெல்வினா பள்ளி முடித்து, ஒரு நோட்டரியிடம் பதினான்கு ஆண்டு தட்டச்சு செய்தாள். நோட்டரி கம்ப்யூட்டர் வாங்கிய வாரமே அவளை அனுப்பிவிட்டான். அந்தக் கோபத்தோடுதான் சங்கத்துக்கு வந்தாள். அது கடைசிவரை இறங்கவில்லை.

சங்கத்தில் அப்போது எல்லாம் அட்டைகள். ஒரு உறுப்பினருக்கு ஒரு அட்டை, அட்டையின் தலையில் மூன்று கட்டம்: அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர், சொந்தப் பெயர். எங்களுக்கு எல்லோருக்கும் பெயர் அப்படித்தான். அப்பா கையெழுத்துப் போடாத பிள்ளைக்கு முதல் கட்டம் காலி. ஆனால் எங்கள் சங்கத்தில் அதைக் காலியாக விடுவதில்லை. பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது என்று எழுபதுகளில் ஒரு தலைவர் உத்தரவு போட்டார்: அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கவுன்டரில் அட்டையை எடுத்தாலே கோடு தெரியும், வரிசையில் நிற்பவர் எல்லோரும் பார்ப்பார்கள். மேட்டுத் தெருவில் பாதி வீடுகளுக்குச் சிவப்புக் கோடு. வீட்டு வேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகள், சோளக் கள் காய்ச்சிய பெண்களின் பிள்ளைகள். எதெல்வினாவின் அம்மா அட்டையிலும் அதுதான்.

2006இல் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியது. அதை நிறுவ வந்த இன்ஜினியர், பேசிய பணம் வராததால் பாதி வேலையில் போய்விட்டார். தலைவர் டோன் ஃபவுஸ்டோ மெருவியா, இரும்புக் கடைக்காரர், எதெல்வினாவைக் கூப்பிட்டார்.

"நீதான் டைப் அடிப்பியே. பாத்துக்கோ."

"டைப் அடிக்கறதும் இதுவும் ஒண்ணா, டோன் ஃபவுஸ்டோ?"

"ரெண்டுலயும் பொத்தான்தானே இருக்கு?"

சம்பளம் ஏறவில்லை. அவள் தன் காசில் வகுப்புக்குப் போனாள், தன் காசில் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் பழகினாள். இரண்டரை ஆண்டில் 2,940 அட்டைகளையும் உள்ளே ஏற்றி முடித்தாள். யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாகப் பதிவு இல்லை.

2009 மார்ச் 22, ஞாயிறு. தலைவர் தேர்தலுக்கான பொதுக்கூட்டம், பள்ளிக்கூட முற்றத்தில். மறுபடியும் நின்றவர் டோன் ஃபவுஸ்டோ. எதிர்த்து நின்றவன் பாந்தலியோன் சிப்பே, மேட்டுத் தெருக் கொத்தனார். முதல் முறையாக அட்டைப் பெட்டி இல்லாமல், கம்ப்யூட்டரில் அச்சிட்ட பட்டியலோடு வாசலில் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். பட்டியலில் பெயர், அதன் எதிரே கையெழுத்துக்கு இடம், அவ்வளவுதான்.

"பேர்?"

"சிப்பே, பாந்தலியோன்."

"இல்ல."

"நல்லாப் பாருடா. வேட்பாளர் நான்! இந்த ஊருக்குப் பைப்பு போடப் பள்ளம் தோண்டினவன் நான்!"

"பள்ளம் தோண்டினவங்க பட்டியல் இது இல்ல, மாமா. உறுப்பினர் பட்டியல்."

அவனுக்குப் பின்னால் நின்றவளுக்கும் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றவனுக்கும் இல்லை. தமியானா வந்தாள். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இந்தப் பட்டியல போட்டதே என் மகதான். இருக்கும், திருப்பிப் பாரு" என்றாள்.

"இல்ல, தாயி. தள்ளு, பின்னாடி ஆள் நிக்குது."

ஒன்பது மணிக்குள் எதிர்ப் பக்க நடைபாதை நிறைந்துவிட்டது. நின்றவர்களில் ஒரு கிழவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "அடேய், இங்க நிக்கறவன் எல்லாம் சிவப்புக் கோடுடா!" என்று கத்தினான். அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கல் பறந்தது. முற்றத்துக்குள் கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. டோன் ஃபவுஸ்டோ 141 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வெளியே நின்றவர்கள் 312 பேர்.

அன்று மாலை டோன் ஃபவுஸ்டோ, "மெஷின் பண்ணின தப்பு" என்றார். மறுநாள் காலை அவர் இரும்புக் கடைக் கதவில் மேட்டுத் தெரு ஆட்கள் மலத்தைப் பூசியிருந்தார்கள். மத்தியானம் அவர் பேச்சு மாறியது. "மெஷினை ஓட்டினவ பண்ணின தப்பு. அவ இஷ்டத்துக்கு ஆளுங்களை அழிச்சிருக்கா." பாந்தலியோனும் அதையேதான் சொன்னான், காசு வாங்கிக்கொண்டு அழித்தாள் என்று கூடுதலாக. ஒருவருக்கு ஜெயித்த தேர்தலைக் காப்பாற்ற அவள் குற்றவாளியாக வேண்டும். இன்னொருவனுக்குத் தோற்ற தேர்தலை உடைக்க அவள் குற்றவாளியாக வேண்டும். எல்லோரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

இரண்டு தரப்பும் ஒழுங்கு மன்றத்தில் புகார் கொடுத்தன. உறுப்பினரை வேண்டுமென்றே அழித்தது நிரூபணமானால் சங்கத்தை விட்டு நீக்கம். நீக்கப்பட்டவர் வீட்டுக் குழாய்க்குச் சீல். தமியானா வீட்டுத் தண்ணீர் இணைப்பு மகள் பெயரில் இருந்தது. அந்தக் குழாய் மூடப்படுமா, திறந்திருக்குமா என்பதுதான் வழக்கு.

விசாரணை ஏப்ரல் 18, சனிக்கிழமை, சங்கத்தின் கூடத்தில். வீட்டிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மன்றத்தில் மூன்று பேர்: வக்கீல் டாக்டர் டெராசாஸ் தலைமை, கறிக்கடை டோன்யா செனோபியா, ஒரு பேருந்து ஓட்டுநர், அவர் விசாரணை முழுக்க வாயைத் திறக்கவில்லை. எதெல்வினா கவுன்டருக்கு வருகிற அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஏம்மா எதெல்வினா, எவ்வளவு வாங்கின?" என்றாள் செனோபியா. "தலைக்கு இவ்வளவுன்னா, இல்ல மொத்தமா?"

கூடம் சிரித்தது.

"உங்க கடையில எடை போடற மாதிரி எல்லாத்தையும் நினைக்காதீங்க" என்றாள் எதெல்வினா.

"என் தராசுல முள்ளு நேரா நிக்கும்டீ!"

டாக்டர் டெராசாஸ் மேசையைத் தட்டினார். "மூணு வருஷமா அந்தக் கம்ப்யூட்டர் உங்க கையில. முந்நூத்திப் பன்னெண்டு பேர் காணாமப் போனது உங்களுக்குத் தெரியாதுன்னா நான் நம்பணுமா?"

"அழிக்கல. எல்லாரும் உள்ளே இருக்காங்க. பட்டியல்லதான் வரல."

"ஏன் வரல?"

"எனக்கு அந்த வேலை தெரியாது. அதனால வரல."

"இப்ப தெரியாதுன்னு சொல்றது சுலபம்."

"இப்ப சொல்லல" என்றாள். "தேர்தலுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். மெக்சிகோவுலேர்ந்து சிலி வரைக்கும் எல்லாருக்கும் தெரியற இடத்துல எழுதி வச்சிருக்கேன்." உறையிலிருந்து தாள்களை எடுத்தாள். எங்கள் மொழி பேசுகிற எல்லா நாட்டுக்காரர்களும் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கிற ஒரு இணையப் பக்கம். அவள் கேட்டதும், வந்த பதில்களும், ஒவ்வொன்றின் தலையிலும் தேதி.

"செயலாளர்கிட்ட குடுங்க, அவர் படிப்பார்" என்றார் டாக்டர்.

"வேண்டாம். என்னைத் திட்டினதை நானே படிச்சுக்கறேன்."

கவுன்டரில் வரிசை எண் கூப்பிடுகிற அதே குரலில் படித்தாள். முதலாவது மார்ச் 9. "மூன்று கட்டங்களில் இருக்கும் பெயரை ஒரே வரியாக ஒட்டி, அகர வரிசையில் எடுப்பது எப்படி? நான் புதிது. தயவுசெய்து உதவவும்."

"தயவுசெய்து!" என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான். "கவுன்டர்ல ஒரு நாள் அந்த வார்த்தை வந்திருக்கா?"

பதில், யாரோ ஒரு அர்ஜென்டினாக்காரன்: "இது கையேட்டோட மூணாவது பக்கத்துல இருக்கு. படிக்கத் தெரியும்ல? இந்தா, ஒட்டறதுக்கு ஒரு வரி. அப்படியே போட்டுக்கோ, யோசிச்சுக் கஷ்டப்படாதே."

"அப்படியே போட்டேன்" என்றாள் எதெல்வினா. பக்கத்தைத் திருப்பினாள். மார்ச் 17. "பெயர்ப் பட்டியலின் தலையில் நிறைய வெற்று வரிகள் வருகின்றன. செத்துப்போன, ஊரை விட்டுப் போன உறுப்பினர்களை நீக்கியதால் விழுந்த இடைவெளி என்று நினைக்கிறேன். பெட்டியிலிருந்து அட்டையை உருவினால் இடம் காலியாக இருக்குமே, அதுபோல. இந்த வரிகள் வராமல் செய்வது எப்படி?"

அவள் நிறுத்தவில்லை.

"பதில் ஒண்ணு. 'அட்டைப் பெட்டியா? அம்மணி, எந்த நூற்றாண்டுலேர்ந்து எழுதறீங்க?' பதில் ரெண்டு. 'உன்னை யாரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சது? போய் உருளைக்கிழங்கு உரி.' பதில் மூணு. 'காலியா இல்லாததை மட்டும் எடுன்னு ஒரு வரி சேரு. இதுக்கெல்லாம் ஒரு கேள்வி. அடுத்த தடவை கேக்கறதுக்கு முன்னாடி மூளையை மின்சாரத்துல செருகு.' இதுக்கு நாப்பத்தாறு பேர் கை தட்டியிருக்காங்க. அதுக்குக் கீழே: 'மிகவும் அடிப்படையான கேள்வி. மூடப்பட்டது.'"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். உருளைக்கிழங்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எதெல்வினா தாளைப் பிடித்தபடி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"மூணாவது மார்ச் 23, தேர்தலுக்கு மறுநாள். 'எல்லா ஆட்களும் அட்டவணையில் இருக்கிறார்கள். அப்பா பெயர் இல்லாதவர்கள் மட்டும் பட்டியலில் இல்லை. ஏன்?' பதில்: 'இல்லாததோட எதை ஒட்டினாலும் இல்லாததுதான். முதல் பாடம் இது. மூடப்பட்டது.'"

இதை நான் அப்போதே அவளிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால், கம்ப்யூட்டர் அதை வெற்றிடம் என்று எடுத்துக்கொள்வதில்லை, 'தெரியாது' என்று எடுத்துக்கொள்கிறது. அப்பா பெயர் தெரியாது. அதோடு அல்மான்சாவையும் தமியானாவையும் ஒட்டினால், முழுப் பெயருமே தெரியாது. அந்த 312 பேரும் பட்டியலின் உச்சியில் வெற்று வரிகளாக நின்றார்கள். அவற்றைக் குப்பை என்று நினைத்து அவள் துடைத்துவிட்டாள்.

பாந்தலியோன் எழுந்தான். "அப்போ நாங்க எல்லாம் வெத்து வரியா?"

"எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

அவன் அவள் காலடியில் துப்பினான். இன்னும் சிலர் துப்பினார்கள். நாற்காலி ஒன்று உடைந்தது. கூடம் அடங்கக் கால் மணி ஆயிற்று.

அந்த இடத்திலேயே வழக்கு முடிந்திருக்க வேண்டும். காசு வாங்கியவள் எவளும் தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால், வெற்று வரியை எப்படித் துடைப்பது என்று ஊர் அறியக் கேட்டு வசவு வாங்கமாட்டாள். அவள் திருடி இல்லை, தெரியாதவள். நிரூபித்தாயிற்று. ஆனால் டாக்டர் டெராசாஸ் வக்கீல். என்னிடம் அட்டைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். தமியானாவின் அட்டையை உருவி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இங்க முதல் கட்டம் காலியா இல்ல. சிவப்புக் கோடு இருக்கு. இது கம்ப்யூட்டர்லயும் இருந்திருந்தா?"

"கோட்டோட சேர்த்துப் பேர் வந்திருக்கும்."

"முந்நூத்திப் பன்னெண்டு அட்டையிலயும் கோடு இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒண்ணுல கூட இல்ல. யார் எடுத்தது?"

"எடுக்கல. அடிக்கல."

"யார் அடிக்கல?"

"நான்."

"ஏன்?"

தமியானா கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதெல்வினா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடப் பதிவேட்டுலயும் அப்பா பேர் இடத்துல கோடுதானாம். பேர் கூப்பிடறப்போ எங்கம்மாவை 'கோடு, அல்மான்சா'ன்னு கூப்பிடுவாங்களாம். நாலாவதோட நின்னுட்டாங்க. அட்டையை எல்லாம் ஏத்தறப்போ முதல் பெட்டியிலயே அவங்க அட்டை வந்துச்சு. கோடு அடிக்க எனக்குப் பிடிக்கல. அப்புறம் அவங்களுக்கு மட்டும் விட்டா நல்லா இருக்காதுன்னு யாருக்குமே அடிக்கல. காலியா விட்டேன்."

இந்த ஊரில் ஒருவர் மற்றொருவருக்குச் செய்த மரியாதைகளில் அது பெரியது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கூடத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

"உன்னை யாரு கேட்டா?" என்றான் பாந்தலியோன். "நாங்க வந்து அழுதோமா, கோட்டை எடு தாயேன்னு? அந்தக் கோடு இருந்திருந்தா நான் ஓட்டுப் போட்டிருப்பேன். தலைவனா ஆயிருப்பேன். உன் பரிதாபத்தை நீயே வச்சுக்கோ!"

"பரிதாபம் இல்ல" என்றாள் எதெல்வினா. "உன் மேலே எனக்கு ஒண்ணும் கிடையாது."

டாக்டர் டெராசாஸ் தீர்ப்பை எழுதச் சொன்னார். மோசடி நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சங்கத்தின் அட்டைகளில் உள்ள குறியைத் தெரிந்தே மாற்றியது ஒப்புக்கொள்ளப்பட்டது. வேலை நீக்கம். 500 அபராதம். உறுப்பினர் நீக்கம். உறுப்பினர் நீக்கத்துக்கு மட்டும் இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. எதிர்த்தவள் செனோபியா.

"எனக்கு இவளைக் கண்டாலே ஆகாது" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். "ஆகாதவளுக்கும் தண்ணி வேணும். என் பேர் எதிர்ப்புல இருக்கட்டும்."

அபராதத்தை எதெல்வினா அங்கேயே கட்டினாள். ரசீது நான் எழுதினேன். வாங்கிப் பார்த்து, "தேதி போடல" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, திங்கள், சங்கத்து ஆட்கள் மீட்டருக்கு ஈயச் சீல் வைத்தார்கள். மறுநாள் தண்ணீர் லாரி வந்தது. தமியானா தெருவில் நின்றுகொண்டு, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி மகளைத் திட்டினாள்.

"என்னைக் கேட்டியாடீ? ஒரு வார்த்தை கேட்டியா? அந்தக் கோடு எனக்குப் பழகி அறுபது வருஷம் ஆச்சு. பீப்பாயில தண்ணி மொண்டு பழகல!"

"உனக்காக ஒண்ணும் பண்ணல" என்றாள் மகள். "எனக்குப் பிடிக்கல, பண்ணல. உள்ள போ, குளிருது."

"பொய் சொல்றா பாரு, பெத்தவகிட்டயே பொய் சொல்றா!"

பழைய தேர்தல் செல்லாது என்றாகி, மே 17இல் தேர்தல் மறுபடி நடந்தது, அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு. டோன் ஃபவுஸ்டோ நிற்கவில்லை. பாந்தலியோன் தலைவனானான். புது ஆள் ஒருவன் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எல்லாக் கோடுகளையும் அடித்து ஏற்றினான். மேட்டுத் தெருவிலிருந்து ஒருவர்கூட வந்து வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதெல்வினா புதிய தலைவனிடம் ஒரே ஒரு முறை போனாள்.

"தலைவர் ஆயிட்டீங்க. சீலை எடுக்கச் சொல்லுங்க."

"தீர்ப்பு மன்றத்தோடது. நான் என்ன பண்ண?"

"ஒழுங்கா ஒரு கையெழுத்து போடுங்க, அது போதும்."

"இப்படித்தான் கேப்பியா? கொஞ்சம் குனிஞ்சு கேட்டா என்ன?"

"தண்ணிக்குக் காசு கட்டறேன். குனியறதுக்குத் தனிக் கட்டணம் இருக்கா?"

சீல் இருந்தது.

அவள் மாகாணத் தண்ணீர்ச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு மேல்முறையீடு எழுதினாள். விசாரணைப் பதிவை அனுப்பவேண்டியது என் வேலை. பாந்தலியோன் என்னைக் கூப்பிட்டு, "அந்தத் திட்டு எல்லாம் எதுக்கு, டோன் எலியோடோரோ? உருளைக்கிழங்கு, மூளை, மின்சாரம்... சங்கத்துக்கு அசிங்கம். தீர்ப்பை மட்டும் அனுப்புங்க" என்றான்.

"கூட்டத்தில் படித்தது பதிவில் இருக்கும். பதிவில் இருப்பது போகும்" என்றேன்.

"உங்களுக்கும் அவளைப் பிடிக்காதே!"

"பிடிக்காது" என்றேன். எல்லாத் தாள்களையும் அனுப்பினேன்.

அந்த மாதங்களில் எதெல்வினா பாலத்தருகே சோளக் கூடையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கூடையில் வியாபாரம் குறைவு. பேரம் பேசியவரிடம் "அப்போ அவிக்காத சோளம் வாங்கிக் கடிச்சுக்கோங்க" என்பாள். கம்ப்யூட்டரை விற்று தண்ணீர் லாரிக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இணையக் கடையில் உட்கார்ந்து அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, மூடப்பட்ட தன் கேள்விக்குக் கீழே நாலு வரி எழுத முயன்றதாகச் செனோபியா சொன்னாள். செனோபியா அப்போது பக்கத்து மேசையில் ஸ்பெயினில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தாளாம். வெற்று வரி வந்தால் துடைப்பதற்கு முன் அது யார் என்று பார்க்கவும், அது ஆளாக இருக்கலாம் என்று எதெல்வினா எழுதினாளாம். ஐந்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். 'கேள்விக்குத் தொடர்பில்லாதது' என்று காரணம்.

"அப்புறம் என்ன பண்ணினா?" என்று கேட்டேன்.

"திரும்பவும் எழுதினா. திரும்பவும் நீக்கினாங்க. மூணாவது தடவை கடைக்காரன் நேரம் முடிஞ்சுதுன்னுட்டான். அவனைத் திட்டிட்டுப் போனா."

கூட்டமைப்பிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது இன்னொரு பிரதி கேட்டது. இரண்டாவது, சிவப்புக் கோடு உள்ள ஒரு உறுப்பினரின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது. எதெல்வினா தன் அம்மாவினுடையதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் போய்விட்டாள். பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த அந்தத் தாளில் அப்பா பெயருக்கான இடத்தில் கோடு ஒன்றும் இல்லை. வெறும் காலி.

மூன்றாவது கடிதம் ஒரு பக்கம். பதிவு அலுவலகம் காலியாக விட்ட இடத்தில் கோடு இழுத்தது சங்கம்தான். அந்தக் கோட்டை அடிக்காமல் விட்டவர் எந்த ஆவணத்தையும் மாற்றவில்லை, உறுப்பினரின் பெயரைச் சட்டம் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறார். பட்டியல் தவறானது அவருக்குப் பயிற்சி கொடுக்காத நிர்வாகத்தின் பொறுப்பும் ஆகும் என்பதால், வேலை நீக்கம் நிற்கும், அபராதம் நிற்கும், உறுப்பினர் நீக்கம் ரத்து. குழாயின் சீல் இந்தக் கடிதம் கிடைத்த நாளே அகற்றப்படவேண்டும்.

படித்துக் காட்டியபோது பாந்தலியோன், "நாளைக்குப் பாக்கலாம்" என்றான். கிடைத்த நாளே என்று எழுதியிருக்கிறது என்றேன். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு, வெட்டுக் குறடோடு ஆளை அனுப்பினான். நானும் போனேன், அகற்றிய நேரத்தைக் குறிக்க வேண்டும். சீல் அறுந்து விழுந்ததும் எதெல்வினா குழாயைத் திறந்து, துருவும் செம்மண்ணுமாக வந்த தண்ணீரைப் பார்த்தாள். "இதுக்கும் பில் போடுவீங்களா?" என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 2009 ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை.